எஸ்பிளனேட் பூங்காவில் இரண்டு நினைவுச் சின்னங்கள்

சுங்காயிலிருந்து உங்கள் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தலைநகர் என்று தனியாக ஒன்று கிடையாது, நாடே தலைநகர்தான். இராத்திரி பஸ் ஏறினால் விடியலில் ஜொகூர் பாலம். மெர்லயன் முன்னால் படம் பிடிக்காமல் பிள்ளைகள் நகர மாட்டார்கள், பிடிக்கட்டும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையும் காட்டுங்கள். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில் அது. ஆனால் எஸ்பிளனேட் பூங்காவுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்க. நம்ம பேராக் கதை அங்கே இருக்கு.

நான்கு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் எண்கோணக் கோபுரம் லிம் போ செங்கின் நினைவாக 1954இல் எழுந்தது. ஜப்பானியரை எதிர்த்து, பிரிட்டிஷாரின் 136ஆம் படைப்பிரிவில் இரகசியமாக வேலை செய்தவர். பேராக்கில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, 1944 ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் இறந்தார். பத்து காஜா என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதே பூங்காவில், நடக்கும் தூரத்தில், இந்திய தேசிய ராணுவத்தின் அடையாளக் கல். நேதாஜி 1945 ஜூலை 8இல் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னம் அங்கேதான் இருந்தது. இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துப்போட்டார்கள். இப்போதுள்ள கல் 1995இல் வைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பாடாங். 1943 ஜூலை 5இல் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படச் சொன்ன திடல். ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். ஈப்போவிலிருந்து தம் சகோதரியோடு சேர்ந்த ராசம்மா பூபாலனுக்கு அப்போது வயது 16. உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைவிட நான்கு வயதுதான் கூட!

இங்கேதான் ஒரு மாணவன் கேட்பான்: “சார், ஜப்பான்காரன்தானே நம்ம தாத்தாவங்களை சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனான்? அவனோட எப்படிச் சேர்ந்தாங்க?” கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்க. சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17இல் இணைந்தன. நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21இல், சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. ஒரே லயத்திலிருந்து ஒருவர் தண்டவாளம் போடப் போனார், இன்னொருவர் துப்பாக்கி ஏந்தப் போனார். விடுதலை ஆசையில் போனவர் உண்டு, பசிக்காகவும் சயாமுக்குத் தப்பிக்கவும் போனவரும் உண்டு. நேதாஜியைப் போற்றும் அவசரத்தில் சயாமை மறைப்பது நம்மிடையே இருக்கும் பழக்கம். அதைப் பிள்ளைகளிடம் தொடர வேண்டாம் என்பது என் கருத்து. லிம் போ செங்கைத் துரோகி பட்டியலிலும் சேர்க்க முடியாது, ராசம்மாவையும் முடியாது.

பாடாங்கின் மறுபக்கம் தூண்களோடு நிற்கும் கட்டடத்தில்தான் 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்தனர். இப்போது அது தேசியக் கலைக்கூடம். மழை வந்தால் பிள்ளைகளோடு அங்கே ஒதுங்கலாம்.

புறப்படுமுன் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்க. சயாமுக்குப் போனவர், படையில் சேர்ந்தவர் யாராவது நம்ம குடும்பத்தில் உண்டா என்று பாட்டியிடம் கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் கல்லருகே நிழல் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்க.