ஒரு துளி ரத்தம் – 9: எட்டே எட்டுப் படங்கள்

பிணத்தருகே கத்தியோடு நின்ற பினாங்குக்காரரைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

1910 டிசம்பர் 27. வடகிழக்குச் சீனத்தில் ஹார்பினை ஒட்டிய ஃபூஜியாதியன். இறந்து கிடந்தவர், அங்கே விடுதி நடத்திய ஜப்பானியப் பெண். உடலை அறுப்பதை அன்றைய சீனம் ஏற்காது. அந்தப் பினாங்குக்காரர், டாக்டர் வூ லியன் தே, துணிந்து அறுத்தார். இதயத்திலிருந்து ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார். இரு முனைகளிலும் சாயம் அழுத்தமாக ஏறிய முட்டை வடிவக் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன.

பிளேக்!

ஊர் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே ஸ்லைடு, அதே லென்ஸ். ஆனாலும் அவர்களை நம்பவைப்பது லேசாக இல்லை.

வூவின் கண் மட்டும் எப்படிப் பழகியது? 1879-இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போனவர். லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் மலேரியா பாடம் கேட்டவர். ஊர் திரும்பி, நம்மவர்கள் காலங்காலமாகப் புழங்கும் சூலியா தெருவில் வைத்தியம் பார்த்தவர். 'இது கிருமி, இது ரத்த அணு' என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் அந்தப் பார்வை வரும்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே குருகுலம்தான். ஜெர்மனியில் 945 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து 1,71,374 அணுக்களைப் படமாக்கி, ஒவ்வொன்றும் இன்ன வகை என்று நிபுணர்கள் குறித்துக் கொடுத்தார்கள். கணினி அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. ஆய்வு வெளியானது 2021-இல்.

சரி, குருவே தவறாகச் சொல்லிக்கொடுத்தால்?

மலேசியாவிலேயே நடந்திருக்கிறது. சரவாக்கின் கப்பிட் பகுதியில், நோயாளிகளின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மலேரியாக் கிருமியில் 'மலேரியே' வகை என்று எழுதிவந்தார்கள். பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழு மரபணுவைச் சோதித்தது. 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது, குரங்குகளிடமிருந்து வரும் 'நோலெசி'! 2004-இல் வந்த செய்தி இது. பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அந்தப் பழைய குறிப்புகளை வைத்து ஒரு கணினியைப் பழக்கியிருந்தால், அதே பிழையை அசுர வேகத்தில் செய்திருக்கும், துளிச் சந்தேகமும் இல்லாமல்.

ஜெர்மானியக் கணினிக்கு வந்த சோதனை வேறு. வூ பிறந்த அதே 1879-இல், இயோசின் சாயத்தை வாரிக் குடித்துச் சிவக்கும் வெள்ளணுவை அடையாளம் காட்டினார் பெர்லினின் பால் எர்லிக். இயோசினோஃபில் என்று பெயர். மஜ்ஜையில் அது உருத்திரிந்து தெரிந்தால், ஒருவகைக் கடும் ரத்தப் புற்றுநோய்க்குத் துப்பு. சாதாரண இயோசினோஃபில் அந்தப் படக்குவியலில் ஆயிரக்கணக்கில் இருந்தது. உருத்திரிந்தது?

எட்டு. எட்டே எட்டு!

அந்த எட்டை வைத்துக்கொண்டு கணினி என்ன கற்றது? பிடித்ததா, கோட்டைவிட்டதா? அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் உங்கள் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து, இயோசினோஃபில் என்ற வரியைத் தேடி வையுங்கள்.

(தொடரும்)