முழுக்கு, தொடக்கு, தீட்டு: தங்கவயலில் ஒரு குளிப்பின் சொற்கள்

கோலார் தங்கவயலில் தொழுகைக்கு முன் முகமும் கைகால்களும் கழுவும் செயலுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ் பேசும் முஸ்லிம் வீட்டில் அது 'ஒளு'; தக்கனி பேசும் வீட்டில் 'வுஸூ'. கோலார் வட்டாரத்தில் தக்கனி பழைய மொழி. ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. அவருடைய தந்தையின் அடக்கத்தலம் கோலார் நகரில் இருக்கிறது. தங்கவயலின் தமிழோ 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளரோடு பெருகியது. இவ்விரு மொழிகளும் சந்திக்கும் ஊரில் ஒரு முஸ்லிம் குழந்தைக்குக் குளிப்பின் உட்பொருளைக் கற்பிப்பது எந்தச் சொல்லைக் கொண்டு கற்பிக்கிறோம் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

ஒளு, வுஸூ என்ற வேறுபாட்டுக்குக் காரணம் அரபியின் 'ளாத்' என்னும் ஒற்றை எழுத்து. எட்டாம் நூற்றாண்டின் இலக்கண அறிஞர் சீபவைஹி, நாவின் பக்கத்திலிருந்து பிறக்கும் ஒலியாக அதை விளக்குகிறார். கடல்வழி அரபியரோடு பழகிய தமிழ் முஸ்லிம்கள் அதற்கு ளகரத்தை வழங்கினர்: ஒளு, பர்ளு, ரமளான். பாரசீகத்தின் வழியே வந்த உருது, வுஸூ, பர்ஸ், ரம்ஜான் என்றது. இரண்டில் எது 'சரியான' உச்சரிப்பு என்று ஓதப்பள்ளிப் பிள்ளைகளைத் திருத்துவோர், ளகரத்தின் இத்தொன்மையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒலியோடு சட்டமும் வேறுபடுகிறது. ஆனால் இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அச்சட்டத்தை அரபுத்தமிழில் எழுதினார். உள்நாட்டு ராவுத்தர்கள் 'ஒளு' என்றே சொன்னாலும் ஹனஃபிகள். தக்கனி பேசுவோரும் ஹனஃபிகளே. ஷாஃபி சட்டத்தில் ஒளுவின் கடமைகள் ஆறு; அவற்றுள் முதலாவது நிய்யத், அதாவது உள்ளத்தின் நாட்டம். ஹனஃபியில் கடமைகள் நான்கு. நிய்யத் அவற்றுள் இல்லை, அது சுன்னத். ஆகவே நாட்டமின்றி ஆற்றில் விழுந்து எழுந்தவருக்கும் ஹனஃபி சட்டப்படி ஒளு நிறைவேறிவிடும், ஷாஃபிப்படி நிறைவேறாது. பர்ளான குளிப்பிலும் இதே நிலைதான். ஷாஃபியில் நாட்டமும் உடல் முழுதும் நீர் படுதலும் கடமை; ஹனஃபியில் வாய் கொப்பளித்தல், நாசிக்கு நீர் செலுத்தல், உடல் முழுதும் நனைத்தல் என மூன்று. தில்லி முஃப்தி கிஃபாயத்துல்லாஹ்வின் 'தஃலீமுல் இஸ்லாம்' போன்ற உருது வினாவிடை நூல்களில் குழந்தை இத்தகைய எண்ணிக்கைகளை மனனம் செய்கிறது. மனனம் எளிது, தேர்வுக்கும் உகந்தது. ஏழு வயதில் தொழுகை பழக்கப்படுகிறது. குளிப்போ பருவமடைந்த பின்னரே கடமையாகிறது. அதைக் குறித்துப் பேச ஆசிரியரும் பெற்றோரும் கூசுவதால், பாடம் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுகிறது. எதிலிருந்து தூய்மை என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது.

இவ்விடத்தில்தான் சொற்கள் குறுக்கிடுகின்றன. இஸ்லாமியச் சட்டம் இரண்டைப் பிரித்துப் பேசுகிறது: ஒன்று நஜீஸ், கண்ணால் காணும் அசுத்தப் பொருள், மற்றொன்று ஹதஸ், வணக்கத்துக்குத் தடையாக உடலைச் சார்ந்திருக்கும் ஒரு நிலை. உருதுவின் 'நாபாக்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ் முஸ்லிம் வழக்கில் ஹதஸுக்குச் 'சிறுதொடக்கு', 'பெருந்தொடக்கு' என்ற பெயர்கள் உண்டு. பழந்தமிழில் துடக்குதல் என்பது பிணித்தல். பிணிக்கப்பட்ட நிலை அவிழ்க்கத்தக்கது. குளிப்புக் கடமையானவர் 'முழுக்காளி'. அவரை அழுக்கின் பெயரால் அழைக்காமல், அவர் செய்யவேண்டிய செயலின் பெயரால் அழைக்கும் அழகான ஆக்கம் இது.

எனினும் தெருவில் ஆளும் சொல் 'தீட்டு'. மாதவிலக்குக்கும் சாவுக்கும் பொதுத்தமிழ் வழங்கும் அச்சொல் 'தீண்டு' என்பதன் அடியாகப் பிறந்தது. தீண்டாமையும் அதே வேரினது. தங்கவயலில் இச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. சுரங்கத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை அமைந்ததும், அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை 1920களில் அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தியதும் தற்செயலல்ல. தீட்டு என்னும் கருத்தையே மறுத்தெழுந்த ஓர் ஊரில், முஸ்லிம் சிறுமி தன் மார்க்கக் குளிப்பைத் 'தீட்டுக் கழிப்பது' என்று விளங்கிக்கொள்வாளாயின், அவள் கற்றது இஸ்லாமியச் சட்டத்தின் பொருளை அன்று, அதற்கு நேர்மாறானதை.

ஏனெனில் தீட்டு தொட்டால் பரவும், ஹதஸ் பரவாது. குளிப்புக் கடமையான நிலையில் மதீனாத் தெருவில் நபிகளைக் கண்ட அபூஹுரைரா, நழுவிச் சென்று குளித்துவிட்டுத் திரும்பினார். காரணம் கேட்டறிந்த நபிகள் வியந்து, இறைநம்பிக்கையாளர் அசுத்தமாவதில்லை என்ற கருத்தை உரைத்தார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. தொழுகை விரிப்பை எடுத்துத் தரும்படி நபிகள் கேட்டபோது மாதவிலக்கைக் காரணம் காட்டித் தயங்கிய ஆயிஷாவுக்கு, அது உன் கையில் இல்லையே என்ற பொருளில் விடை கிடைத்ததை முஸ்லிம் தொகுப்பு பதிவு செய்கிறது. குளிப்பின் கடமைகளை எண்ணச் சொல்வதற்கு முன் குழந்தைக்குச் சொல்லத்தக்கவை இவ்விரு நிகழ்ச்சிகளும்.

இதற்கு அடுத்த படியில் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) துணைக்கு வருகிறார். 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் தூய்மை பற்றிய பகுதியில் அவர் நான்கு படிகளை வகுக்கிறார்: உடலை அசுத்தத்திலிருந்தும், உறுப்புகளைப் பாவத்திலிருந்தும், உள்ளத்தை இழிகுணங்களிலிருந்தும், அந்தரங்கத்தை இறைவனல்லாத அனைத்திலிருந்தும் தூய்மையாக்குதல். உடலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே உள்ளத்தில் பெருமையைச் சுமப்போரை அவர் கடிந்துரைக்கிறார். நான்காம் படி சிறுவர்க்கு எட்டாது; இரண்டாவது எட்டும். முகம் கழுவுகையில் கண் செய்த பிழையும், கை கழுவுகையில் கை செய்த பிழையும் நீரோடு வழிந்துபோவதாகக் கூறும் நபிமொழியைக் குழந்தை தன் கையில் வழியும் நீரிலேயே காண்கிறது.

நீரில்லாதபோது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும், இப்பாடத்தின் மிகக் கடினமான, மிகப் பயனுள்ள பகுதி. மண் எப்படி அழுக்கைப் போக்கும் என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின்னும் சயனைடு மண்மேடுகள் காற்றில் புழுதி பரப்பும் தங்கவயலில் அக்கேள்வி இன்னும் கூர்மையாக எழும். போக்கவேண்டியது அழுக்காக இருந்திருந்தால் மண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அவிழ்க்கவேண்டியது ஒரு தொடக்கு என்பதால்தான் குளிப்புக் கடமையானவருக்கும் ஒரு கைப்பிடி மண் போதுமானதாகிறது. அம்மண்ணைத் தொடும்போது நிய்யத் வேண்டும் என்பதில் ஹனஃபி சட்டமும் ஷாஃபியோடு உடன்படுகிறது.