பரணில் பறந்த அம்பு

அந்த அறைகளில் விஷவாயு இருக்கிறது என்றார்கள். நுழைந்த கணமே வில்லி செத்தான். அடுத்த உயிரோடு அதே இடத்தில் எழுந்தான், மறுபடி செத்தான். மொத்த உயிரும் சில நொடிகளில் காலி. ஏன் சாகிறோம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, அந்த கேசட்டை விற்ற நிறுவனம் முதலில் சொன்ன பதில் அதுதான். விஷவாயு. தெரிந்தேதான் வைத்திருக்கிறோம், ஆட்டம் கடினமாக இருக்கட்டுமே என்று.

பச்சைப் பொய். அந்த அறைகளில் வாயுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பரணில் ஓர் அம்பு தப்பான இடத்தில் பறந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது தெரியவருவதற்குள் பிரிட்டன் முழுக்க ஏராளமான சிறுவர்கள் 'நமக்குத்தான் விளையாடத் தெரியல போல' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தின் பெயர் ஜெட் செட் வில்லி. 1984-ல் வந்தது. பிளாட்ஃபார்ம் கேம், அதாவது மேடைக்கு மேடை தாவிப் போகும் வகை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வருவதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதனால் 'இந்த வகை ஆட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற இலக்கணம் எதுவும் அப்போது கெட்டிப்பட்டிருக்கவில்லை. ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். மேத்யூ ஸ்மித்துக்குத் தோன்றியது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கிறுக்கு.

ஸ்மித் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்ஸி ஆற்றுக்கு அந்தப்பக்கம் வாலஸியில் வளர்ந்த பையன். 17 வயதில், 1983-ல், மேனிக் மைனர் என்ற ஆட்டத்தைச் சில வாரங்களில் தனியாளாக எழுதி முடித்தார். 20 குகைகள், வில்லி என்றொரு சுரங்கத் தொழிலாளி, காற்று தீர்வதற்குள் சாவிகளை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஆட்டம் நடக்கும்போதே பின்னணியில் கிரீகின் இசை கீச்கீச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடியது சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற ரப்பர் பட்டன் வைத்த மலிவுக் கணினியில். அதன் 48 கே வகை 1982-ல் அறிமுகமானபோது விலை 175 பவுண்ட். 48 கே என்றால் எவ்வளவு? இன்று நீங்கள் வாட்சப்பில் அனுப்பும் ஒரு சுமாரான போட்டோ அதற்குள் அடங்காது.

மேனிக் மைனரை முதலில் வெளியிட்டது பக்-பைட் என்ற நிறுவனம். ஸ்மித் சீக்கிரமே அங்கிருந்து கிளம்பி, இன்னும் இருவரோடு சேர்ந்து சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் சம்பள ஊழியர் அல்ல, வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர். எனவே ஆட்டத்தின் உரிமையையும் கையோடு கொண்டுவர முடிந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அடுத்தது எப்போது என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்ததில் வில்லி பணக்காரன். சுரங்கத்தில் கிடைத்த பணத்தில் ஒரு மாளிகை வாங்கிவிட்டான். விடிய விடிய பார்ட்டி. இப்போது அவனுக்குத் தூங்க வேண்டும். ஆனால் வீட்டைப் பராமரிக்கும் மரியா படுக்கையறை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வீடெல்லாம் இறைந்து கிடப்பதைப் பொறுக்கிவிட்டு வா, அப்புறம் படு. கதை இவ்வளவுதான். இளவரசியை மீட்க வேண்டியதில்லை, உலகைக் காக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டுப் போட்ட டம்ளரை எடுத்து வைக்க வேண்டும். உலக வரலாற்றில் இவ்வளவு நியாயமான நோக்கம் கொண்ட வீடியோ கேம் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பொறுக்க வேண்டிய பொருட்கள் 83. அறைகள் ஏறக்குறைய 60. மேனிக் மைனரில் ஒரு குகையை முடித்தால்தான் அடுத்தது. இங்கே அப்படிக் கிடையாது. நின்ற இடத்திலிருந்து இடமோ வலமோ மேலோ கீழோ, உங்கள் இஷ்டம். சமையலறைக்குப் போகலாம், கூரைமேல் ஏறலாம், தோட்டத்து ராட்சத மரத்தின் அடிமரத்துக்குள் நுழையலாம், கடற்கரையில் நிற்கும் படகுக்குப் போகலாம். அறைகளின் பெயர்களைத் திரையின் அடியில் படிப்பதே ஒரு தனி சுகம். 'இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே' என்பது ஓர் அறையின் பெயர். 'நாம் ஒரு குவர்க்காஃப்ளீக் செய்தாக வேண்டும்' என்பது இன்னொன்று. குவர்க்காஃப்ளீக் என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டாதீர்கள், அது ஒரு தலைமறைவு காமிக்ஸில் வரும் சடங்கு. 'நோமன் லூனி' என்று ஓர் அறை. அதே ஊரில் தங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்த இமேஜின் என்ற போட்டி நிறுவனத்தின் விளம்பர வாசகத்தைக் கிண்டல் செய்வது அது. இமேஜின் அதே 1984-ல் திவாலானது. 'கெட்ட கனவு அறை' என்ற ஒன்றில் வில்லி பறக்கும் பன்றியாகிவிடுவான், எதிரிகள் எல்லோரும் மரியாக்கள். எதற்கும் விளக்கம் கிடையாது.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது இந்தப் பேச்சுதான். அந்தப் பையன் தன் நண்பர்களிடம் பேசுவதுபோலவே இருக்கிறது. ஒரு கமிட்டி உட்கார்ந்து இதையெல்லாம் அனுமதித்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி குறைகள். பரணுக்குப் போகும்முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் அதுதான் பெரிய குற்றம். வில்லி செத்தால், அந்த அறைக்குள் எந்தப் புள்ளியில் நுழைந்தானோ அங்கேயே மறுபடி வைக்கப்படுவான். நடந்து நுழைந்திருந்தால் பிரச்சினை இல்லை. மேல் அறையிலிருந்து விழுந்து நுழைந்திருந்தால்? உயரத்திலிருந்து விழுந்தாலே சாவு. மறுபடி அதே உயரத்தில் வைக்கிறார்கள், மறுபடி விழுகிறான், மறுபடி சாகிறான். உங்கள் கைக்கு அதில் வேலையே இல்லை. திரையின் அடியில் மிச்ச உயிர்களுக்கு அடையாளமாக ஆடிக்கொண்டிருக்கும் குட்டி வில்லிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உயிர் குறையக் குறையப் பின்னணி இசையும் சுருதி பிசகும். கடைசியில் ஒரு ராட்சதப் பாதம் இறங்கி வில்லியை நசுக்கும். ஒரு சின்ன தப்படி, அரை மணி நேர உழைப்பு போச்சு. பாதியில் சேமித்து வைக்கும் வசதியும் கிடையாது.

நான் இதை விளையாடியது எமுலேட்டரில், நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளும் சொகுசோடு. அப்படியும் ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். இது கைத்தவறு இல்லை, யோசித்து எடுத்த முடிவு. அதனால்தான் மன்னிக்க மனம் வரவில்லை.

பரண் விவகாரம் வேறு மாதிரி. வீட்டின் உச்சியில் தி ஆட்டிக் என்று ஓர் அறை. நம் பரண்தான். அதில் ஓர் அம்பு குறுக்கே பறக்கும். அது எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் தவறாகிவிட்டது. ஸ்பெக்ட்ரம் போன்ற கணினியில் திரைப்படமும், அறைகளின் வரைபடமும், அரக்கர்களின் பட்டியலும் எல்லாம் ஒரே நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தன. நடுவில் மதில் கிடையாது. தப்பான எண்ணை நம்பிய அம்பு திரைக்கான இடத்தைத் தாண்டிப் போய், பக்கத்தில் இருந்த ஆட்டத்தின் தகவல்கள் மேலேயே தன்னை வரைந்துகொண்டது. தேவாலய அறையில் அரக்கர்கள் மொத்தமாகக் காணாமல் போனார்கள். வேறு சில அறைகள் நுழைந்ததும் கொல்லும் பொறியாகின.

இதில் கொடுமை என்னவென்றால், பரணுக்குப் போகாதவரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். போய்விட்டு வந்தால் வீட்டின் வேறு ஏதோ மூலையில் சாவு. பரணுக்கும் அந்த மூலைக்கும் எந்தச் சம்பந்தமும் கண்ணுக்குத் தெரியாது. செத்து, புதிய ஆட்டம் தொடங்கினாலும் கெட்டது கெட்டதுதான். கணினியை அணைத்து, கேசட்டை மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும். நேற்று கொன்ற அறை இன்று கொல்லாது. பேய் பிடித்த வீடு என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். தத்தித் தத்தி வாசலிலேயே சாகிற பையனுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக விளையாடி உச்சிவரை ஏறியவனுக்குத்தான் அடி.

கூடவே ஒரு போட்டியும் அறிவித்திருந்தார்கள். முதலில் முடிப்பவருக்கு ஒரு பெட்டி ஷாம்பெயின், ஹெலிகாப்டர் பயணம். முடிக்கவே முடியாத ஆட்டத்துக்கு! பரண் மட்டுமில்லை, இன்னும் மூன்று இடங்களில் சிக்கல். ஆலமர அறையில் ஒரு கட்டை வழியை மறித்தது. கண்ணாடி அறையின் கூரையில் சாகாமல் ஒரு பொருளை எடுக்க முடியாது. மாடிப்படி முகப்பில் ஒரு பொருள் கண்ணுக்கே தெரியாது. 83-ஐயும் பொறுக்கினால்தான் மரியா வழிவிடுவாள். ஆக, விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்த அந்த ஆட்டத்தில், கடையில் வாங்கிய கேசட்டை வைத்துக்கொண்டு ஒருவராலும் வில்லியைத் தூங்கவைக்க முடியாது.

ஏன் இப்படி? யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை விளையாடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஆட்டத்தின் குணமே அதற்கு எதிரி. வரிசையாக 20 குகை என்றால் சோதிப்பது சுலபம். இஷ்டப்படி நுழையும் 60 அறைகள் என்றால் எந்த அறைக்குப் பின் எந்த அறை என்ற சாத்தியங்களுக்குக் கணக்கே இல்லை. நமக்கு விடுதலையாக இருப்பது எழுதியவருக்குப் பொறி. அதோடு, முன்பு வீட்டில் தனக்காக எழுதிய பையன் இப்போது ஒரு நிறுவனத்தின் முதலீடு. முடித்துக்கொடு என்ற நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை. ஸ்மித்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விஷவாயு என்று சொன்னவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பொய் அதிக நாள் நிற்கவில்லை. கேசட்டை வாங்கியவர்களில் சிலர் வில்லியைத் தூக்கிப்போட்டுவிட்டு நினைவகத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஸ்பெக்ட்ரமின் பேசிக் மொழியில் போக் என்று ஒரு கட்டளை. இந்த முகவரியில் இந்த எண்ணை வை, அவ்வளவுதான் அதன் பொருள். கேசட் ஏறும்போது, ஆட்டம் தொடங்குவதற்கு முன் இதை நுழைத்துவிட்டால் ஆட்டமே மாறும். 59901-ல் 82 என்று வைத்தால் பரணின் அம்பு ஒழுங்காகப் பறக்கும். 56876-ல் 4 என்றால் ஆலமரம் வழிவிடும். 60231-ல் 0 என்றால் கூரைச் சிக்கல் தீரும். 42183-ல் 11 என்றால் மறைந்திருந்த பொருள் வரவேற்புக் கூடத்துக்கு வந்துவிடும். நாலே நாலு எண்கள். போட்டியில் வென்ற இரு இளைஞர்கள், திருத்தங்களைத் தாங்களே கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கொடுத்தவர்கள். நிறுவனம் விஷவாயுக் கதையைக் கைவிட்டுத் திருத்தங்களை வெளியிட்டது.

காசு கொடுத்து வாங்கியவர்களே ரிப்பேரும் பார்த்துக்கொடுத்தார்கள். இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

ஒவ்வோர் அறையும் சரியாக 256 பைட். அந்த ஒழுங்கு தெரிந்தபின் சும்மா இருப்பார்களா? பத்திரிகைகளில் புதிய அறைகளைச் சேர்க்கும் நிரல்கள் வந்தன. சொந்தமாக அறை கட்டும் எடிட்டர்கள் வந்தன. மாடிப்படி முகப்பில் நின்று 'ரைட்டைப்பர்' என்று தட்டினால் எந்த அறைக்கும் தாவலாம் என்ற ரகசியமும் பரவியது. கேசட்டோடு 180 வண்ணக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். கலர் ஜெராக்ஸ் அரிதாக இருந்த காலம், கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்தால் உதவாது. கேட்கும் கட்டத்தின் நிறங்களைச் சொன்னால்தான் ஆட்டம் திறக்கும். அதையும் சீக்கிரமே உடைத்து, எப்படி என்று ஒரு பத்திரிகையில் அச்சிட்டும்விட்டார்கள். படகின் முனையில் காத்திருந்தால் ஒரு தீவுக்குப் போகலாம் என்ற வதந்தியும் ஓடியது. தீவு எதுவும் கிடையாது. ஆனால் விஷவாயுவை ஒருமுறை நம்பியவர்களிடம் தீவு இல்லை என்று யார் சொல்வது?

1985-ல் வந்த இரண்டாம் பாகம் வேறு ஆட்கள் அறைகளைப் பெருக்கிச் செய்தது. ஸ்மித்திடமிருந்து அப்படியொரு ஆட்டம் பிறகு வரவேயில்லை. நிறுவனம் 1988-ல் மூடப்பட்டது. அவர் கொஞ்ச காலம் நெதர்லாந்தில் இருந்தார். மேத்யூ ஸ்மித் எங்கே என்று கேட்டு ரசிகர்கள் ஒரு இணையதளமே நடத்தினார்கள்.

நாலு எண்களையும் மாற்றி, 83 பொருட்களையும் பொறுக்கி முடித்தால் மரியா வழியை விடுகிறாள். வில்லி கட்டிலை அடைகிறான். படுப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆட்டம் உங்கள் கையிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொள்கிறது. அவன் திரும்பி, அறை அறையாக ஓடிக் குளியலறைக்குப் போய், கக்கூஸ் பீங்கானுக்குள் தலைகுப்புற விழுகிறான். கால்கள் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருக்கின்றன.