பெங்களூருவில் வாங்கிய ரோஜா கோரமண்டல் வருவதற்குள் வாடுவது ஏன்? பூக்களை வீட்டில் காப்பது எப்படி?

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பே பெங்களூரு ரயிலோடுதான். கோரமண்டல், சாம்பியன், மாரிகுப்பம் நிலையங்களில் காலையில் ஏறுபவர்கள் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். ஒருவழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

திருமண நாளுக்காக கே.ஆர். மார்க்கெட்டில் ஆசையாக வாங்கிய ரோஜாக் கொத்து, வீட்டு வாசலில் தலை தொங்கி நின்றால்? 'காசு போச்சு' என்று தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஏன் வாடுகிறது?

வெட்டிய பிறகும் பூவுக்கு உயிர் இருக்கிறது. இதழ், இலை வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெட்டிய இடத்தில் காற்று புகுந்து, காம்புக்குள் இருக்கும் நுண்ணிய நீர்க்குழாய்களை அடைக்கிறது. ஜாடித் தண்ணீரில் பெருகும் பாக்டீரியாவும் இதையே செய்கிறது. அதனால்தான் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடுகிறது.

வழியில் என்ன செய்யலாம்?

பாதி விரிந்த மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். காம்பு நுனியில் ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் கட்டுங்கள். ஜன்னலோர வெயிலும் காற்றும் படக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும்?

- ஜாடியை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
- காம்பைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, நுனியில் 2 செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டுங்கள். காற்று புகாது.
- தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவைதான் முதலில் அழுகும்.
- தலை தொங்கிய ரோஜாவா? புதிதாக வெட்டி, முழுப் பூவையும் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள்.

தண்ணீரில் என்ன கலப்பது?

1 லிட்டருக்கு 1 டீஸ்பூன் சர்க்கரை, 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சர்க்கரை பூவுக்கு உணவு. புளிப்பு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும். ஆனால் சர்க்கரை பாக்டீரியாவுக்கும் உணவுதான் என்பதால், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். போர்வெல் நீர் உப்பாக இருந்தால் ஆர்.ஓ. நீர் நல்லது. ப்ளீச்சையும் எலுமிச்சையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

காசு போட்டால் பூ வாடாதா?

செம்பு கிருமியைக் கட்டுப்படுத்தும் என்பதால் வந்த நம்பிக்கை இது. இப்போதைய நம் 1, 2 ரூபாய் நாணயங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பயனில்லை.

மல்லிகைச் சரத்துக்கு?

காம்பில்லாத பூவுக்கு ஜாடி உதவாது. வாழை இலையிலோ, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியிலோ சுற்றி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் சொட்டினால் இதழ் பழுப்பாகும்.

எங்கே வைக்கக் கூடாது?

வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் வேண்டாம். பழுக்கும்போது அவை வெளியிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிரவைக்கும். டிவி மேலேயும், ஃபேனுக்கு நேரேயும் வேண்டாம்.