விளைச்சல் பெருகினால் காடு பிழைக்குமா?

ஓர் ஏக்கரில் ஈரேக்கர் நெல்லை விளைவித்துவிட்டால் மற்றோர் ஏக்கர் ஏருக்குத் தப்பிவிடும் என்பது நார்மன் போர்லாக் முதலிய விவசாய விஞ்ஞானிகள் வலியுறுத்திய சித்தாந்தம். கணக்கு என்ற அளவில் அதில் பிழையில்லை. தப்பிய ஏக்கரை வேறெவரும் கைப்பற்றமாட்டார் என்ற அனுமானத்திலேதான் பிழை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதனைச் சோதித்துப் பார்க்கத் தாமிரபரணிப் படுகை உகந்த பிரதேசம். எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் பாயும் நஞ்சையிலே, 1937இல் நிறுவப்பெற்ற அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அளித்த அம்பை 16 போன்ற ரகங்களும் ரசாயன உரமும் சேர்ந்து, பாட்டன்மார் கண்டிராத மகசூலைத் தந்துள்ளன. ஆயினும், மேலப்பாளையத்தை ஒட்டிச் செல்லும் பாளையங்கால்வாயின் பாசன எல்லைக்கு அப்பால், குடைபோற் கவிந்த உடைமரங்களும் மழைக்குத் தழைக்கும் புல்லுமாக, சவன்னா என்று உலகத்தார் வகுத்துள்ள நிலத்துக்கு நெருங்கிய உறவுடையதாய்க் கிடக்கும் செம்மண் வெளி, நஞ்சையின் செழிப்பால் யாதொரு காவலும் பெறவில்லை. கல்குவாரியாகவும் காற்றாலைத் தளமாகவும் வீட்டுமனையாகவும் அது துண்டுபட்டு வருகிறது. நெல்லுக்கு வேண்டாத நிலம், ஆகவே எதற்கும் கொடுக்கலாம் என்றாயிற்று! மலைக்காடு 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று; சமவெளிக்குக் கிடைத்தவை வல்லநாடு, கங்கைகொண்டான் போன்ற சிறு மான் சரணாலயங்களே.

பிரேசிலின் செர்ராடோ என்னும் சவன்னா நிலம் இவ்வாதத்தின் பேருருவம். 1973இல் தோன்றிய எம்ப்ராபா என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனம், அங்குள்ள அமிலத்தன்மை மிகுந்த மண்ணைச் சுண்ணாம்பாலும் பாஸ்பேட்டாலும் திருத்தி, வெப்பமண்டலத்திலும் காய்க்கும் சோயா ரகங்களை உருவாக்கிற்று. திறன் பெருகியதால் லாபம் பெருகி, லாபம் பெருகியதால் உழவு விரிந்து, இன்று அந்நிலத்தின் இயற்கைத் தாவரத்தில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிட்டது. அமேசான் காட்டில் தனியார் நிலத்தின் நூற்றுக்கு 80 பங்கை வெட்டாது விடச் சொல்லும் சட்டம், செர்ராடோவின் பெரும்பகுதிக்கு 20 போதும் என்கிறது. காடழித்து விளைத்த சோயாவை வாங்குவதில்லை என்று வர்த்தகர்கள் 2006இல் செய்த உடன்படிக்கையும் அமேசானோடு நின்றுவிட்டது.

நமது புன்செய் வெளி விளைவற்றதும் அன்று. செவ்வாய்தோறும் மேலப்பாளையத்தில் கூடும் கால்நடைச் சந்தையில், விசேஷமாகப் பக்ரீத்துக்கு முந்திய வாரங்களில், விலைபேசப்படும் ஆடுகளில் பல, கிணற்று நீரும் உரமும் கேளாத இத்தகைய வெளிகளில் மேய்ந்து, உடை நெற்றைத் தின்று வளர்ந்தவை. தென்சீமைக்கே உரிய கன்னி ஆடும் அவற்றுள் ஒன்று. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று மட்டுமே அளக்கத் தெரிந்த திறன், இந்த இறைச்சியைப் பூஜ்யமாக எழுதிவிடுகிறது. (பசுமையின் பெயரால் இங்கே மரங்களை நெருக்கி நட்டு, நிழலால் புல்லைக் கொல்லும் தர்மகாரியமும் அழிவில் சேர்ந்ததே.)

நஞ்சையில் மகசூலைப் பெருக்குவதை நான் மறுக்கவில்லை. அது தானாகவே காட்டைக் காக்கும் என்ற நம்பிக்கையையே மறுக்கிறேன். தரிசென்று பதிவான நிலத்தை வேறு காரியத்துக்கு அளிக்குமுன், வருவாய்த் துறையினர் அதில் மேயும் கால்நடைகளைக் கணக்கெடுத்துக் கிராம சபையின் முன் வைக்கவேண்டும். அக்கணக்கின்றி ஒரு சென்ட் நிலமும் கைமாறலாகாது.