யோகம் மறக்கச் சொல்கிறதா?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பின்னொரு நாள் செய்தி சேகரிக்கப் போன என்னிடம் ஒரு தாய் கேட்டார்: "தம்பி, மூச்சை இழுத்து விட்டிட்டு எல்லாத்தையும் மறக்கச் சொல்லினம். மறக்கிறதுதானோ யோகம்?" அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தேடி வாசித்தேன்.

யோகத்தின் மூலநூல் பதஞ்சலியின் யோக சூத்திரம். அதில் நான்கு பாதங்கள், ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உள்ளன. ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்று மட்டுமே. மனதின் அலைவுகளையே நாம் 'நான்' என்று எண்ணுகிறோம். அவை அடங்கும்போது பார்ப்பவன் தன்னை அறிகிறான் என்பதே நூலின் மையக் கருத்து. அதற்கான எட்டு உறுப்புகள் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி.

பகவத்கீதை கர்மம், பக்தி, ஞானம் என்ற வழிகளையும் காட்டுகிறது. நமது சைவ மரபு சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்து, முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகரை அவற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளையும் தமிழில் விளக்குகிறது. கோயில் முற்றம் கூட்டுவதும் இந்த மரபில் ஒரு பாதைதான்.

இந்தத் தேடலுக்குக் காடு தேவையில்லை என்பதற்கு யோகர் சுவாமிகள் (1872–1964) சாட்சி. கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர், நல்லூர் செல்லப்பா சுவாமிகளிடம் சீடரானார். பின்பு கொழும்புத்துறைக் குடிலில் வாழ்ந்து, துயரோடு தேடி வந்தவர்களைச் சந்தித்தார்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பதஞ்சலி மனதின் ஐந்து அலைவுகளில் ஒன்றாக நினைவைச் சேர்க்கிறார். அதே நினைவைச் சமாதிக்கு உதவும் துணைகளிலும் வைக்கிறார். அலைவு அடங்குவது என்றால் நினைவு நம்மை இழுத்துச் செல்லாதிருப்பது. நினைவே அழிந்துபோவது அல்ல. எட்டு உறுப்புகளில் முதலாவதான இயமம் கொல்லாமையில் தொடங்குகிறது. அதற்கு அடுத்தது வாய்மை. துன்பங்களின் வேர் அறியாமை என்று சொல்லும் ஒரு தத்துவம், உண்மையை மூடிவைத்து அமைதி தேடச் சொல்லாது.

மூச்சுப் பயிற்சி உறக்கத்துக்கு உதவலாம், செய்யுங்கள். ஆனால் "என் பிள்ளை எங்கே?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லும் எவரும் யோகத்தின் பெயரில் அதைச் சொல்ல முடியாது. அம்மா, மறப்பது யோகம் அல்ல.