இருதயத் துடிப்பின் நெடும்பயணம்

ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரிலே, 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆந் திகதி, ஒரு மனிதரின் இருதயத் துடிப்பு ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் தனியே பயணஞ் செய்தது. பேராசிரியர் ஐந்தோவன் அமைத்த இருதய மின்வரைவுக் கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். அதனை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லவும் இயலாது. நோயாளரை ஆய்வுகூடத்துக்குக் கொணரவும் இயலாது. ஆகவே இரண்டிடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். முதற் பரீட்சைக்கு உட்பட்டவர் நோயாளரல்லர், நல்ல திடகாத்திரர். அவருடைய வரைவில் அலைகள் உயர்ந்து நின்றமைக்கு, அவர் வைத்தியசாலைக்குச் சைக்கிள் மிதித்து வந்ததே காரணமெனக் கருதினர்!

கம்பி நின்ற இடத்தில் நிற்கும், வண்டியோ ஓடும். பெல்பாஸ்ற் நகரிலே 1966இல் வைத்தியர் பன்ரிட்ஜ், இருதய அதிர்ச்சிக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றி வைத்தியரையே நோயாளரிடம் அனுப்பினார். ஆயினும் வண்டிதோறும் ஒரு வைத்தியரை அமர்த்துதல் எந்நகருக்கும் எளிதன்று. மயாமி நகரத்து வைத்தியர் யூஜின் நேகல் வேறொரு வழி கண்டார். அங்கே விரைந்து சென்று உதவுவோர் தீயணைப்புப் படையினர். வைத்தியரின் கட்டளையின்றி மருந்தேற்றும் உரிமை அவர்களுக்கில்லை. 1967இல் அவர், நோயாளரின் இருதய வரைவை வானொலி அலைமூலம் வைத்தியசாலைக்கு அனுப்பச் செய்தார். வைத்தியர் இருந்த இடத்திலேயே வரைவைப் பார்த்தார், குரலாற் கட்டளையிட்டார். உரிமைத் தடை அவ்வாறு தளர்ந்தது.

எனினும் அது ஒரே அலை, ஒரே வழி. மலையோ பாலமோ மறைத்தால் வரைவு அறுந்துவிடும். இக்குறைக்கு மாற்று வைத்தியத்துறையிலிருந்து வரவில்லை. படைத்துறை ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1977ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி, கலிபோர்ணியாவின் நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு வண்டியிலிருந்து செய்தி சிறு சிறு பொதிகளாகப் புறப்பட்டது. பொதி ஒவ்வொன்றும் தன் விலாசத்தைத் தானே சுமந்து, அஞ்சல் நிலையங்களையும் செய்மதியையும் கடந்து ஐரோப்பா சென்று, மீண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தது. ஒரு நிலையம் மறைந்தால் மற்றொன்று ஏற்கும்.

பின்னர் வண்டிகளையே அஞ்சல் நிலையங்களாக்கும் எண்ணம் எழுந்தது. இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. முன்னால் ஓடும் வண்டி செய்தியை வாங்கிய மறுகணமே வேறு தெருவிலே திரும்பிவிடலாம். எழுதி வைத்த வழி அக்கணமே பொய்யாகும். 1999இல் பேர்க்கின்சும் ரோயரும் முன்வைத்த முறை, தேவை நேரும்போது மாத்திரம் வழியைத் தேடுவது. மறு ஆண்டிலே கார்ப், குங் என்போர் வழியை எழுதிவைக்கும் வழக்கத்தையே பெரிதும் விடுத்தனர்: சேருமிடத்துக்கு எவ்வயலார் அண்மையிலுள்ளாரோ அவரிடம் பொதியைக் கொடு, அத்தகையவர் இல்லையாயின் வெற்றிடத்தைச் சுற்றிச் செல் என்றனர். ஓடும் வண்டிக்குப் பின்னையதே பொருந்துமெனல் தகும். ஆயினும் வண்டிகள் அருகிய நள்ளிரவுச் சாலையிலே எம்முறையும் தடுமாறும். நெரிசலிலோ எல்லா வண்டியும் ஒருங்கே பேச, நின்றுபோகும் இருதயத்தின் அபாய அறிவிப்பும் வீதிச் செய்திகளுக்கிடையே காத்து நிற்க நேரும். ஆகவே உயிர்ச்செய்திக்கு முதலிடம் அளித்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலர் வற்புறுத்தும் விதியாயிற்று.

ஐக்கிய அமெரிக்கா 1999இல் வண்டிகளின் உரையாடலுக்கென 75 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை ஒதுக்கியது. 2020இல் அதில் 45ஐப் பிற பயன்களுக்கு மாற்றத் தீர்மானித்தது. வண்டிகளுக்கு எஞ்சியது 30.